இருபது மீட்டர் தள்ளி ஒரு கதம்பை

கடை அடைக்க ராத்திரி ஒன்பதரை ஆகும், சில நாள் பத்து. நாகர்கோவில்ல ஒரு மருந்துக்கடைல வேலை, வீடு ஈத்தாமொழிக்கு அங்குட்டு, ஒரு பன்னெண்டு கிலோமீட்டர் வரும், சைக்கிள்தான். பகல்ல ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். ஆனா எறும்புக்காடு தாண்டினதும் தெருவிளக்கு ஒண்ணு எரியும் ரெண்டு எரியாது, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நிலா இருந்தாக்கூட ஓலை நிழல் ரோட்டுல வரி வரியா விழுந்து எது குழி எது நிழல்னு பிரிச்சுப் பாக்க முடியாது.

ரெண்டு வருசம் முன்னால ஐப்பசி மழை நேரம், அப்போ என் சைக்கிள்ல இருந்தது ஹேண்டில்பார்ல ரப்பர் போட்டு மாட்டுற சின்ன லைட்டு, நாணயம் மாதிரி பேட்டரி ரெண்டு போடுறது, அது அடுத்தவங்களுக்கு நான் வாறேன்னு காட்டும், எனக்கு ரோட்ட காட்டாது. எதிர்ல ஒரு கார் ஹைபீம்ல வந்து கடந்து போச்சு, போனதுக்கப்புறம் ஒரு மூணு நாலு விநாடி கண்ணுல வெள்ளை மட்டும்தான், அந்த மூணு நாலு விநாடிக்குள்ள காத்துல விழுந்து கெடந்த தென்னை மட்டைல முன் சக்கரம் ஏறிடுச்சு. இடது மணிக்கட்டு சுளுக்கி மூணு வாரம் கட்டு. படுத்துக் கெடந்த மூணு வாரமும் லைட்ட பத்தித்தான் படிச்சேன், அதுல பாதி தப்பா படிச்சேன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

தப்பு என்னன்னா லூமென். ஆன்லைன்ல எந்த லைட்ட பாத்தாலும் பெரிய எழுத்துல போட்டிருக்கிறது அந்த நம்பர்தான், 1200 லூமென், 3000 லூமென், நம்பர் கூடினா நல்ல லைட்டுன்னு நானும் நம்பி 450 ரூபாய்க்கு 1200 லூமென் ஒண்ணு வாங்கினேன். மொத நாள் ராத்திரி போட்டப்போ தோப்பே பகல் மாதிரி ஆச்சு, தென்னை உச்சி வரைக்கும் தெரிஞ்சுது, எனக்கு அவ்ளோ சந்தோசம்.

மூணாவது நாள் சானல் கரை வழியா வாறேன், பாசன வாய்க்காலத்தான் எங்க ஊர்ல சானல்னு சொல்லுவோம். அந்தக் கரை ஒடுக்கம், ஒரு பக்கம் சானல், இன்னொரு பக்கம் வயல். எதிர்ல வயசான ஒருத்தர் சைக்கிள்ல வந்தார், கேரியர்ல புல்லுக்கட்டு. என் லைட்டு அவரு கண்ணுல நேரா அடிச்சிருக்கு, அவரு கைய தூக்கி மறைக்கப் பாத்து ஒத்தக் கையில பேலன்ஸ் போயி சானல் பக்கமா சரிஞ்சுட்டார். நல்லவேளை புல்லுக்கட்டுதான் மொதல்ல தரைய தொட்டுது, அவரு அதுமேல சாஞ்ச மாதிரி விழுந்தாரு, அடி ஒண்ணும் இல்ல. நான் ஓடிப் போயி தூக்கினேன், "பாட்டா, மன்னிச்சிருங்க பாட்டா"ன்னு கெஞ்சுறேன், அவரு வேட்டிய தட்டிவிட்டுட்டு "மக்கா, லைட்ட தரைக்கு அடி, நான் வாறது ஒனக்கு தெரியுது, எனக்கு ரோடு தெரியண்டாமா"ன்னு கேட்டாரு. கண்ணுல புரை இருக்குன்னும் சொன்னாரு. புரை இருக்கிற கண்ணுல வெளிச்சம் உள்ள போய் சிதறும், அவங்களுக்கு இந்தக் கூச்சம் நம்மள விட பல மடங்கு. மருந்துக்கடைல நிக்கிறவன், கண்ணுக்கு சொட்டு மருந்து தினமும் எடுத்துக் குடுக்கிறவன், இது எனக்கு மொதல்லயே தோணியிருக்கணும்.

என்னைய விழ வச்ச காருக்கும் எனக்கும் அன்னைக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. அங்கன இருந்துதான் நான் லைட்ட ஒழுங்கா சோதிச்சுப் பாக்க ஆரம்பிச்சேன்.

லூமென்ங்கிறது லைட்டுல இருந்து எல்லா பக்கமும் வெளிய வாற மொத்த வெளிச்சம். அது ரோட்டுல விழுதா, தென்னை மரத்துல விழுதா, பாட்டா கண்ணுல விழுதான்னு அந்த நம்பருக்கு கவலையே இல்ல. ஒரு எடத்துல எவ்வளவு விழுதுன்னு சொல்றது லக்ஸ். ஒரு லைட்டு 10 மீட்டர்ல 40 லக்ஸ் குடுத்தா 20 மீட்டர்ல அது பாதி ஆகாது, கால்வாசி ஆயிரும், 10 லக்ஸ்தான், 40 மீட்டர்ல வெறும் 2.5. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணு. அதனால வட்டமா விரியுற லைட்டுல என்ன நடக்குதுன்னா முன் சக்கரத்துக்கு பக்கத்துல மூணு மீட்டர்ல கண்ணு கூசுற வெளிச்சம், தூரத்துல ஒண்ணுமில்ல. அது வெறும் வீணும் இல்ல, கெடுதல், ஏன்னா பக்கத்துல அவ்ளோ பளிச்சுன்னு இருந்தா கண்ணு அந்த வெளிச்சத்துக்கு பழகிக்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். இருட்டுக்கு கண்ணு முழுசா பழக இருபது முப்பது நிமிசம் ஆகும், கெடுக்க ஒரு விநாடி போதும்.

ஜெர்மனில இதுக்கு சட்டமே வச்சிருக்காங்க. அங்க சைக்கிள் லைட்டோட வெளிச்சம், கார்ல தாழ அடிக்கிற லோபீம் மாதிரி, மேல கத்தி வச்சு வெட்டின மாதிரி நிக்கணும், அந்தக் கோட்டுக்கு மேல எதிர்ல வாறவன் கண்ணுக்கு கூச்சம் வரக்கூடாது, அதே நேரம் 10 மீட்டர்ல குறைஞ்சது 10 லக்ஸாவது இருக்கணும், சைக்கிள்ல மாட்டுற லைட்டு மினுக்கவும் கூடாது. என் சித்தி மக அங்க நர்ஸா இருக்கா, லீவுக்கு வந்தப்போ ஒண்ணு கொண்டுவரச் சொன்னேன். புஷ் அண்ட் முல்லர்னு ஒரு கம்பெனி, பெட்டில பெரிசா போட்டிருந்தது 50 லக்ஸ்னுதான். "இதுக்கு குடுத்த காசுல இங்க ரெண்டு சைக்கிள் டயர் வாங்கலாமேண்ணே"ன்னா அவ. உண்மைதான். விலை அதிகம், நான் அத மறைக்க விரும்பல.

இப்போ கையில மூணு லைட்டு. 450 ரூபா வட்ட லைட்டு, கூட்டுக்காரன் ஒருத்தன்கிட்ட கடன் வாங்கின 400 லூமென் லைட்டு, இந்த ஜெர்மன் லைட்டு. மொத சோதனை சொவர்ல. சைக்கிள சொவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்குறது. இத யாரும் வீட்டுல செய்யலாம், சாக்பீஸ் ஒண்ணு போதும். என் லைட்டு தரையில இருந்து 90 சென்டிமீட்டர் உயரம். வெளிச்சத்தோட நடு எடம் 18 மீட்டர் தள்ளி ரோட்ட தொடணும்னு வச்சா, 5 மீட்டர் சொவர்ல அது 65 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கணும், அதாவது லைட்டு உயரத்த விட ஒரு சாண் தாழ. அந்த எடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு. வட்ட லைட்ட அந்தக் கோட்டுக்கு எறக்கினப்புறமும் வட்டத்தோட மேல்பாதி என் தலைக்கு மேல சொவர்ல நின்னுது. எவ்வளவு குனிய வச்சாலும் அதோட ஒரு பாதி எதிர்ல வாறவங்களுக்குத்தான். ஜெர்மன் லைட்டுல கோட்டுக்கு மேல சொவர் கருப்பா இருந்துது, இவ்ளோ சுத்தமா வெட்டும்னு நான் நினைக்கவே இல்ல.

அடுத்து போன்ல ஒரு லக்ஸ் ஆப் போட்டு போன 10 மீட்டர்ல நிறுத்தி லைட்ட அதுக்கு நேரா அடிச்சுப் பாத்தேன். போன் சென்சார் துல்லியமா சொல்லாது, ஆனா ஒரே போன்ல எல்லாத்தையும் பாத்தா எது கூட எது குறைவுன்னு ஒப்பிடலாம். 1200 லூமென் வட்ட லைட்டு 22 காட்டிச்சு, 400 லூமென் 38, ஜெர்மன் லைட்டு 46. பெட்டில போட்ட நம்பருக்கும் ரோட்டுக்கு வந்து சேருறதுக்கும் எவ்ளோ தூரம்னு பாருங்க.

ஆனா நம்பர் வச்சு குழில விழாம இருக்க முடியாது, எனக்கு வேண்டியது எத்தன மீட்டர் முன்னால எனக்குத் தெரியுதுங்கிறது. அதுக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு மேல புத்தளம் உப்பளம் பக்கம் போனோம், நானும் கடைல கூட நிக்கிற தம்பியும். அங்க ரோடு நேரா கெடக்கும், வண்டி ரொம்ப வராது, உப்பளத்து வெள்ளம் ரெண்டு பக்கமும் கருப்பா அசையாம நிக்கும். சோதனைக்கு கதம்பை, அதாவது தேங்காய் உரிச்ச நார்த்தோல், கொண்டுபோனோம். எங்க ஊர்ல ராத்திரி ரோட்டுல எது கெடக்குமோ அதத்தான வச்சுப் பாக்கணும், தேங்காய் உரிச்ச கதம்பை தார் ரோட்டுல கெடந்தா பழுப்பும் கருப்பும் ஒண்ணோட ஒண்ணு கலந்து நிக்கும், தெரியவே தெரியாது, அதுமேல ஏறினா சக்கரம் திரும்பிரும். தம்பி எனக்குச் சொல்லாம எங்கயாவது கதம்பைய போட்டுட்டு ஓரமா நிப்பான், நான் 20 கிலோமீட்டர் வேகத்துல வந்து கண்ணுல பட்ட உடனே சத்தம் போடுவேன், நான் சத்தம் போட்ட எடத்துல அவன் சாக்பீஸால குறிப்பான், பொறவு முப்பது மீட்டர் டேப்ல அளப்பான். லைட்டு ஒண்ணுக்கு அஞ்சு தடவ. "அண்ணே, இந்தத் தடவ சத்தம் போட்டது கதம்பைய பாத்தா, என்னைய பாத்தா?"ன்னு அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கப்புறம் அவன் இருட்டுக்குள்ள தள்ளிப் போயி குத்த வச்சு இருந்துகிட்டான்.

வட்ட லைட்டு சராசரி 11 மீட்டர். 400 லூமென் 17. ஜெர்மன் 24.

இது போதுமா போதாதான்னு பாக்க கணக்கு போட்டுத்தான் ஆகணும். 20 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 5.5 மீட்டர். கண்ணு பாத்து மூளைக்கு ஒறச்சு கை பிரேக்க புடிக்க ஒன்றரை விநாடின்னு வச்சுக்கிடுங்க, அதுக்குள்ள 8 மீட்டர் போயாச்சு, பொறவு பிரேக் புடிச்சு நிக்க காஞ்ச ரோட்டுல ஒரு 4 மீட்டர். மொத்தம் 12. வட்ட லைட்டுல 11 மீட்டர்ல தெரிஞ்ச கதம்பை எனக்குத் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல, அதுமேல ஏறித்தான் நிப்பேன். ஐப்பசில விழுந்த மட்டையும் இதே கணக்குதான்.

இதுல எனக்குத் தெரியாம இருந்த இன்னொண்ணு நனஞ்ச ரோடு. ரெண்டு வாரம் கழிச்சு மழை விட்ட ஒரு ராத்திரி அதே எடத்துல ஜெர்மன் லைட்ட மட்டும் மறுபடி பாத்தோம், 24 இருந்தது 15 ஆச்சு. காஞ்ச தார் சொரசொரப்பா இருக்கும், விழுற வெளிச்சத்துல கொஞ்சம் நம்ம கண்ணுக்கு திரும்ப வரும். நனஞ்சா அது கண்ணாடி, வெளிச்சம் வழுக்கி முன்னால போயிரும், திரும்பி வராது, லைட்டு எரியுதா இல்லையான்னு சந்தேகம் வாற மாதிரி இருக்கும். ரிம் பிரேக் வேற நனஞ்சா சட்டுன்னு புடிக்காது. 20ல போனா நிக்க 16 மீட்டர் வேணும், தெரியுறதோ 15. அதனால மழைல நான் இப்போ 15 கிலோமீட்டருக்கு மேல மிதிக்கிறதில்ல, அதுல 11 மீட்டர்ல நிக்கலாம். எந்த லைட்டு வாங்கினாலும் மழைக்கு இந்தக் கணக்க மறுபடி ஒருக்கா போட்டுப் பாருங்க.

குலசேகரத்துல ஒரு மாமா இருக்காவ, ரப்பர் பால் வெட்டு. வெயில் ஏறினா பால் ஒழுக்கு குறைஞ்சிரும்னு விடியக்கருக்கல் மூணு மணிக்கே தலையில லைட்ட கட்டிட்டு தோட்டத்துல எறங்கிருவாவ, இருட்டுல வெளிச்சத்த பத்தி அவங்கள விட அனுபவம் யாருக்கு இருக்கும். நான் தலையில கட்டுற லைட்டே சைக்கிளுக்கும் போதாதான்னு கேட்டேன். "மரத்துக்கு கொள்ளாம், ரோட்டுக்கு கொள்ளாது"ன்னாவ, மரத்துக்கு நல்லது, ரோட்டுக்கு ஆகாதுன்னு அர்த்தம். காரணம் கேட்டா என் கையில அந்த லைட்ட தந்து, தலையில வச்சு தரைய பாரு, பொறவு முட்டளவுக்கு எறக்கிப் பாருன்னாவ. நீங்களும் ஒரு தடவ செஞ்சு பாருங்க. கண்ணுக்குப் பக்கத்துல இருந்து வெளிச்சம் போனா பள்ளத்தோட நிழல் பள்ளத்துக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்கும், நம்ம கண்ணுக்கு படாது, தரை எல்லாம் ஒரே மட்டமா தெரியும். லைட்ட கீழ எறக்கினா சின்னக் கல்லுக்கும் நீளமா நிழல் விழும், குழியோட ஓரம் கருப்புக் கோடு மாதிரி எழும்பி நிக்கும். தோட்டத்துல மஞ்சு, அதான் பனிமூட்டம், எறங்குற நேரத்துலயும் இதேதான், தலை லைட்டுல மஞ்சு முழுக்க கண்ணு முன்னால வெள்ளைத் திரையா நிக்கும், கீழ புடிச்சா அந்தத் திரை வெலகும்.

அன்னைக்கே ஹேண்டில்பார்ல இருந்து லைட்ட கழட்டி முன் சக்கரத்துக்கு மேல ஃபோர்க் தொடங்குற எடத்துல மாட்டினேன், சைக்கிள் கடை அண்ணாச்சி ஒரு தகடு வளச்சு தந்தாரு. உயரம் 90 சென்டிமீட்டர்ல இருந்து கீழ எறங்கிச்சு. சொவர் கோட்ட மறுபடி வரஞ்சு சரிபண்ணணும், மறந்துராதிங்க. குழிங்க தெரியுறதுல லைட்ட மாத்தினப்போ வந்த வித்தியாசத்துக்கு சமமா இந்த தகடு வித்தியாசம் குடுத்துச்சு, செலவு 40 ரூபா.

பேட்டரி பத்தி சொல்லணும், இதுல ஏமாத்து ஒருபாடு இருக்கு. இந்த லைட்டுகள்ல ரொம்பவும் வாறது 18650ங்கிற செல்லு, வெரல விட கொஞ்சம் தடியா நீளமா இருக்கும். எம்ஏஹெச்னா செல்லு எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கிற அளவு, நல்ல கம்பெனி செல்லே ஒண்ணு 3500 எம்ஏஹெச் பக்கம்தான் புடிக்கும். அதுல 9900னு அச்சடிச்சு வித்தா அது பொய், வேற பேச்சு இல்ல. கையில வச்சுப் பாத்தாலும் தெரியும், நல்ல செல்லு 45 கிராம் பக்கம் இருக்கும். 3500 செல்லுல மொத்தம் இருக்கிற சக்தி ஒரு 12.5 வாட் மணிநேரம். நிஜமாவே 1000 லூமென் வேணும்னா ஏறக்குறைய 10 வாட் இழுக்கும், அப்போ ஒரு செல்லுல ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஒத்த செல்லு, 1200 லூமென், ஆறு மணி நேரம்னு எழுதியிருந்தா மூணுல ஏதோ ஒண்ணு உண்மை இல்ல. என் வட்ட லைட்ட முழுசா சார்ஜ் போட்டு, சைக்கிள் ஓட்டும்போது காத்து படுற மாதிரி ஃபேனுக்கு முன்னால வச்சு, ஒரு மீட்டர்ல போன வச்சு கால் மணிக்கு ஒருக்கா எழுதிட்டே வந்தேன். அரை மணில வெளிச்சம் பாதிக்கு கீழ, ஒன்றரை மணில சுத்தமா அணைஞ்சுது, அணையுறதுக்கு முன்னால ஒரு எச்சரிக்கையும் இல்ல. எனக்கு ஒரு வழிக்கு நாப்பது நிமிசம். வழியில பஞ்சர் ஆயி உருட்டிட்டு நடந்தா ரெண்டு மணி நேரம். அந்த நாளுக்குத்தான் லைட்டு வாங்குறோம்.

தண்ணிக்கு பெட்டில ஐபிஎக்ஸ்னு ஒரு எண் போட்டிருக்கும். 4னா தெறிக்கிற தண்ணி தாங்கும், 7னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம். நமக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை, 4க்கு கீழ வாங்கவே வாங்காதிங்க. ஆனா மழைய விட எனக்கு செலவு வச்சது உப்புக் காத்து. கடல்ல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்ல வீடு, சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள பச்சையா பூத்து ஒரு லைட்டு அப்படியே போச்சு. அதனால ரப்பர் மூடி இறுக்கமா இருக்கான்னு கடைலயே பாத்துருவேன், வாரம் ஒருக்கா நல்ல தண்ணில நனச்ச துணியால துடைச்சு காயவிட்டுட்டுத்தான் சார்ஜ்.

பின் லைட்டு செவப்புதான், ரெண்டு வச்சிருக்கேன், ஒண்ணு மினுக்கும் ஒண்ணு நின்னு எரியும். மினுக்குறது தூரத்துல இருந்தே கண்ண இழுக்கும், ஆனா மினுக்குறத மட்டும் வச்சு எவ்ளோ தூரத்துல இருக்கோம்னு லாரிக்காரனால கணிக்க முடியாது, அதுக்கு நின்னு எரியுறது வேணும். கணுக்கால்ல மின்னுற பட்டை ஒண்ணு கட்டுங்க, மிதிக்கும்போது மேல கீழ போகும், சைக்கிள்தான்னு பாத்த உடனே புரியும்.

அப்பாவோட பழைய சைக்கிள்ல டயர்ல உரசுற டைனமோ இருந்துது, 6 வோல்ட் 3 வாட். லைட்டு இல்லாம போனா போலீஸ்காரங்க டியூப் காத்த புடுங்கி விடுற காலம். மிதிச்சா எரியும், மெதுவா போனா மங்கும், எறங்கி உருட்டினா அணையும், மழைல டயர்ல வழுக்கி சுத்தாது. ஆனா ஒரு நாளும் சார்ஜ் இல்லைன்னு சொன்னதில்ல. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சு எங்க பக்கம் நாள்கணக்கா கரண்டு இல்லாம கெடந்தப்போ வீட்டுல இருந்த சார்ஜ் லைட்டு எல்லாம் ரெண்டு நாள்ல கைவிட்டுருச்சு, அப்பா அந்த சைக்கிள ஸ்டாண்டு போட்டு டைனமோவ பின் டயர் பக்கம் மாட்டி, பெடல கையால சுத்தி அம்மாவுக்கு அடுப்படில வெளிச்சம் காட்டினாரு. அதனால எனக்கு மனசு இப்போ ஹப் டைனமோ மேலதான். சக்கரத்து நடுவுக்குள்ளயே டைனமோ, உரசல் இல்ல, மழை ஒண்ணும் செய்யாது, நின்னாலும் கொஞ்ச நேரம் எரியுற மாதிரி லைட்டுக்குள்ளயே சக்தி சேத்து வைக்கிறதும் கிடைக்குது.

சானல் கரை பாட்டாவ போன மாசம் மறுபடி பாத்தேன், அதே புல்லுக்கட்டு. இந்தத் தடவ அவரு கைய தூக்கல, கண்ண சுருக்கல, பக்கத்துல வந்து சைக்கிள நிறுத்தி "யாரு, மருந்துக்கடை பிள்ளையா?"ன்னு கேட்டாரு. இருட்டுல என் மொகம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கண்ணு ஆபரேசனுக்கு நாள் குறிச்சிருக்காம், அதுக்கப்புறம் போட வேண்டிய சொட்டு மருந்து பத்தி ரோட்டுலயே நின்னு பத்து நிமிசம் பேசினோம்.

சித்தி மக அடுத்த லீவுக்கு ஹப் கொண்டுவாறேன்னு சொல்லியிருக்கா, என் ரிம்முல ஓட்டை 36, அதே 36 ஓட்டை ஹப்பா பாத்து வாங்கணும்னு ரெண்டு தடவ மெசேஜ் போட்டாச்சு. போக்ஸ் கம்பி கோத்து கோட்டம் எடுத்து தாறேன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. ஐப்பசி மழைக்கு முன்னால மாட்டிட்டா புத்தளத்துல மறுபடி அளக்கணும், கதம்பை வீட்டுல சாக்குல கெடக்கு, டேப்பு தம்பி கொண்டுவாறான்.